டாக் பெட்டியும் நமது காதும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் வாங்குகின்ற ஒரு சிறு பெட்டியைப் பற்றியதாகும். அதற்கு டாக் என்று பெயர். நாட்டில் எத்தனையோ சங்கடங்கள் இருக்கப் பாட்டுப் பெட்டிக்கா ஒரு கூட்டம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆனால் சங்கதி பெட்டியோடு நிற்பதாயிருந்தால் நாம் இங்கு வந்து உங்கள் நேரத்தைக் கெடுத்திருக்க மாட்டோம்.

இந்தப் பெட்டி சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றது. சில ஆயிரத்துக்கும் கிடைக்கின்றது. ஒரு வீடு கட்டுகின்ற பணத்துக்கும் கிடைக்கின்றது. விலை ஏற ஏற இசை தெளிகின்றது என்று விற்கிறவர் சொல்லுகிறார். பத்திரிகையில் எழுதுகிறவரும் அப்படியே எழுதுகிறார். வாங்கினவரோ சத்தியமே செய்கிறார். இதையெல்லாம் கேட்டு மாதச் சம்பளக்காரப் பிள்ளை ஒருவன் தவணைக் கடனில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, "எனக்கொன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்று வாயைத் திறந்தால் அவனுக்குக் கிடைக்கும் பதில் என்ன தெரியுமா? "உனக்கு அந்தக் காது இல்லை" என்பதுதான். பணமும் போயிற்று, மானமும் போயிற்று. ஒரு மனிதனுடைய சொந்தக் காதையே அவன் சந்தேகிக்கும்படி செய்கின்ற இந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கின்றது.

பெட்டி செய்யும் வேலை

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கின்றது என்று பார்ப்போம். இக்காலத்தில் பாட்டானது எண்களாகச் சேமித்து வைக்கப்படுகின்றது. உதாரணமாக, சி.டி. தட்டில் ஒரு வினாடி நேரப் பாட்டு, இடக் காதுக்கு 44,100 எண்களாகவும் வலக் காதுக்கு 44,100 எண்களாகவும் எழுதப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படியைக் குறிக்கும். எண்ணைக் காது கேட்காது; ஸ்பீக்கரும் அறியாது. அந்த எண்களை ஏறி இறங்கும் மின்சாரமாக மாற்றித் தருவதுதான் டாக் செய்கின்ற வேலை. அதற்குமேல் அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. உங்கள் செல்போனுக்குள்ளும் ஒரு டாக் இருக்கின்றது. இல்லாவிட்டால் அது பேசவே பேசாது.

வினாடிக்கு 44,100 என்பது ஏன்? நல்ல இளம் காது கேட்கக்கூடிய மிகக் கீச்சென்ற ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு உள்ளது. வயது ஏற ஏற இந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஓர் ஒலியை எண்ணாக்கித் திரும்பவும் குறைவில்லாமல் எடுக்க வேண்டுமானால் அதன் மேல் எல்லையைப்போல் இரண்டு பங்குக்கு மேல் எண்கள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இதற்கு 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் என்பவர் வழி காட்டினார்; 1949-ல் கிளாட் ஷானன் என்பவர் தீர நிரூபித்து எழுதினார். "எண்களுக்கு இடையில் இருக்கும் இசை தொலைந்து போகாதா?" என்று கேட்கிறவர்களுக்கு, அந்த எல்லைக்குள் இருக்கும் ஒலியில் எதுவும் தொலையாது என்பதே இந்தக் கணக்கின் பதிலாகும்.

ஒரு காலத்தில் இந்த வேலை கடினமாகத்தான் இருந்தது. 1982-ல் சி.டி. வெளிவந்தபோது, பிலிப்ஸ் கம்பெனியார் 14 பிட் மாற்றியை வைத்துக்கொண்டு, அதை 4 மடங்கு வேகத்தில் ஓட்டி, 16 பிட்டுக்கு ஈடான பலனைப் பெற்றார்கள். சோனி கம்பெனியார் அவ்வருஷம் அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட சி.டி.பி. 101 என்னும் இயந்திரத்தில் ஒரே மாற்றியே இடத்துக்கும் வலத்துக்கும் மாறி மாறி உழைத்தது. அதன் விலை 1,68,000 யென். அப்படிப்பட்ட வேலையை இன்று நகத்தளவு சில்லு ஒன்று செய்கின்றது. ஆப்பிள் கம்பெனியார் அமெரிக்காவில் 9 டாலர் விலைக்கு வெளியிட்ட சிறு வால் ஒன்று, போனில் ஒரு முனையைச் செருகி மறு முனையில் ஹெட்போனைச் செருகுவது, அதற்குள்ளேயே முழு டாக்கும் அடங்கியிருக்கின்றது. அளந்து பார்த்தவர்கள் அதன் இரைச்சலும் கோணலும் சி.டி.யின் எல்லையையே எட்டும் அளவுக்குச் சொற்பமாயிருக்கக் கண்டார்கள்.

சி.டி.யின் எல்லை என்றால் சுமார் 96 டெசிபல். அதாவது, மிகப் பெரிய ஒலிக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. இரவில் அமைதியான அறையில்கூட 30 டெசிபல் அளவுக்குச் சந்தடி இருக்கும். அந்தச் சந்தடிக்கு மேல் 96 டெசிபல் ஏற்றினால் 126 ஆகும். அது காது வலிக்கின்ற சத்தம். ஆகவே, சாதாரணமாக ஒழுங்காய்ச் செய்யப்பட்ட ஒரு டாக்கின் இரைச்சல், அறையின் சந்தடிக்குள்ளேயே முழுகிப்போகும் என்பது விளங்கும்.

வித்தியாசம் கேட்டவர் பொய்யரா?

நிற்க, "இவ்வளவு கணக்குச் சொல்லுகிறீர்களே, நான் என் காதாலேயே கேட்டேன், விலையுயர்ந்த பெட்டியை மாட்டியவுடன் திரை விலகினாற்போல் இருந்தது" என்று ஒருவர் சொல்லுகிறார். அவரை நாம் பொய்யர் என்று சொல்லுவோமா? ஒருக்காலும் சொல்ல மாட்டோம். அவர் கேட்டது அவருக்கு மெய்தான். ஆனால் அந்த வித்தியாசம் பெட்டியிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்பதே நமது கேள்வி.

மனிதன் காதால் மாத்திரம் கேட்பதில்லை. கண் கண்டதும், விலை என்று தெரிந்ததும், பிறர் சொன்னதும் எல்லாம் சேர்ந்துதான் மூளையில் ஒலியாகின்றது. இதை 1994-ல் அமெரிக்காவில் பிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஸ்பீக்கர்களை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். 40 பேரை உட்காரவைத்து, 4 ஸ்பீக்கர்களுக்கு மார்க்குப் போடச் சொன்னார்கள். ஒருமுறை ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்தும், ஒருமுறை கண்ணில் படும்படி வைத்தும் இதைச் செய்தார்கள். கண்ணில் பட்டவுடன் பெரிதாயும் கம்பீரமாயும் இருந்தவற்றுக்கு மார்க்கு ஏறிற்று; சிறிதாயும் மலிவாயும் இருந்ததற்கு மார்க்கு இறங்கிற்று. கேட்டவர்களோ அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள். தொழில் தெரிந்தவர் காதுக்கே கண் எஜமானாகும்போது நம் போன்றவர் காதைப்பற்றிக் கேட்க வேண்டுமா?

இரண்டாவது சங்கதி ஒலியின் அளவு. இதைத் தயவுசெய்து நன்றாய்க் கவனியுங்கள். வீட்டு டாக் பெட்டிகள் வழக்கமாய் 2 வோல்ட் வெளியிடும். சில பெட்டிகள் 2.5 வோல்ட் வெளியிடும். இந்த அரை வோல்ட் வித்தியாசம் ஏறக்குறைய 2 டெசிபல் ஆகின்றது. இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காதானது "சத்தம் கூடியிருக்கின்றது" என்று கண்டுபிடிப்பதைவிட, "தெளிவு கூடியிருக்கின்றது, தாளம் கனத்திருக்கின்றது" என்று எடுத்துக்கொள்வதே அதிகம். ஏனெனில், சத்தம் ஏறும்போது அடிக்குரல் ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாய்க் காதுக்கு எட்டுகின்றன என்று 1933-லேயே பிளெச்சர், மன்சன் என்பவர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். தராசில் ஒரு தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்து நிறுப்பதற்கும், ஒரு பெட்டியைச் சத்தமாய் ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிடச் சொல்லுவதற்கும் என்ன பேதம்? வேண்டுமென்று செய்தாலும் ஒன்றுதான், தெரியாமல் செய்தாலும் ஒன்றுதான். சரக்கு குறைவது குறைவதுதான்.

மூன்றாவது, ஞாபகம். ஒலியின் நுட்பமான சாயல் மனதில் சில வினாடிகளுக்குமேல் நிற்பதில்லை. ஒரு பெட்டியைக் கழற்றி, வயரைப் பிடுங்கி, மற்றொன்றை மாட்டி உட்காருவதற்குள் 5 நிமிஷம் ஆகின்றது. அதற்குள் மனதில் மிஞ்சியிருப்பது பழைய ஒலியா? அதைப்பற்றிய அபிப்பிராயம் மாத்திரமே.

நியாயமான பரீட்சை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் கிழவிகள்கூடச் சொல்லுவார்கள். அந்தத் தீர விசாரிக்கும் வழி எது? பொன்னை விற்கிறவன் முகத்தைப் பார்த்தா மாற்றுச் சொல்லுகிறோம்? உரைகல்லில் அல்லவா உரைக்கிறோம்! டாக்குக்கும் ஓர் உரைகல் உண்டு.

முதலாவதாக, இரண்டு பெட்டிகளின் சத்தத்தையும் சமப்படுத்த வேண்டும். காதால் சமப்படுத்தினால் போதாது. 100 ஹெர்ட்ஸ் போன்ற ஒரே சீரான தாழ்ந்த சுரத்தை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, நூற்றுக்கு ஒன்றுக்குமேல் வித்தியாசமில்லாமல் திருத்திக்கொள்ள வேண்டும். இது 0.1 டெசிபலுக்குச் சமம். இரண்டாவதாக, ஒரே பாட்டை இரண்டு பெட்டிகளுக்கும் அனுப்பி, ஒரு சுவிட்சினால் கணத்தில் மாற்ற வேண்டும். மூன்றாவதாக, எது ஓடுகின்றது என்பது கேட்கிறவருக்குத் தெரியக்கூடாது. அது மாத்திரமல்ல, சுவிட்சைத் திருப்புகிறவர் அவர் கண்ணில் படவும் கூடாது. ஏனெனில் ஒரு கனைப்பும் ஒரு புன்சிரிப்பும் விடையைச் சொல்லிவிடும். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து அதன்படி மாற்றுவது உத்தமம். நான்காவதாக, ஒருமுறை இருமுறை அல்ல, பலமுறை செய்ய வேண்டும்.

முதலில் அ என்ற பெட்டியையும் ஆ என்ற பெட்டியையும் தெரியக் கேட்கச் செய்து, பிறகு மறைவாய் ஒன்றை ஓடவிட்டு "இது எது?" என்று கேட்பது இந்த வழி. 1950-ல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த மன்சன், கார்டனர் என்பவர்கள் இம்மாதிரிப் பரீட்சையைப்பற்றி எழுதினார்கள். 1982-ல் டேவிட் கிளார்க் என்பவர் வீட்டு இசைக் கருவிகளைச் சோதிப்பதற்கென்று இதற்கான இயந்திரத்தையே விவரித்து எழுதினார்.

எத்தனைக்கு எத்தனை சரியாய்ச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்? ஒன்றுமே கேட்காதவனும் குருட்டாம்போக்கில் சொன்னால் பாதி சரியாகிவிடும். 16 தடவை சோதித்தால் விடைகள் அமையக்கூடிய விதங்கள் 65,536. அவற்றில் 12-ம் அதற்கு மேலும் சரியாக விழுவது 2,517 விதங்களில் மாத்திரம். அதாவது நூற்றுக்கு 4-க்கும் குறைவு. ஆகவே 16-க்கு 12 சொன்னவரை "இவருக்கு ஏதோ கேட்கின்றது" என்று மதிக்கலாம். 16-க்கு 9 சொன்னவரை எவ்வளவு பெரிய சங்கீத விமர்சகராயிருந்தாலும் அப்படி மதிக்க முடியாது.

நடந்த பரீட்சைகள்

பரீட்சை நடந்திருக்கின்றதா என்றால், நடந்திருக்கின்றது. அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்தில் பிராட் மேயர், டேவிட் மோரன் என்பவர்கள் நடத்திய சோதனை 2007-ல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. சி.டி.யைவிட நுட்பம் கூடியது என்று விற்கப்பட்ட தட்டுகளை ஓடவிட்டு, அந்த ஒலியை ஒருமுறை நேராகவும், மற்றொருமுறை சி.டி. அளவுக்கு எண்ணாக்கித் திரும்ப ஒலியாக்கியும் கேட்கச் செய்தார்கள். அதாவது, நடுவில் முழுதாய் ஒரு மாற்றிச் சங்கிலியையே கூடுதலாய்ச் சொருகினார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலாளரும் உண்டு, இசைப் பெட்டிப் பிரியர்களும் உண்டு. மொத்தம் 554 சோதனைகள். சரியாய்ச் சொன்னது 276. பாதிகூட இல்லை, காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் இந்தப் பலன் வந்திருக்கும். பாட்டில்லாத இடத்தில் சத்தத்தை வெகுவாய் ஏற்றிவைத்தபோது மாத்திரம் இரைச்சல் வித்தியாசம் கேட்டது.

எதிர்க்கட்சிக்குச் சாதகமானதையும் மறைக்காமல் சொல்லுவதே யோக்கியம். அந்தச் சோதனைக்கு எடுத்த தட்டுகளில் சில மெய்யாகவே நுட்பம் கூடியவைதானா என்று பின்னால் ஆட்சேபணை எழுந்தது. 2016-ல் லண்டனில் குயீன் மேரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோஷுவா ரீஸ் என்பவர் 18 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 12,000-க்கு மேற்பட்ட சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார். சரியான விடை நூற்றுக்குச் சுமார் 52. பயிற்சி கொடுக்கப்பட்டவர்களிடம் அது இன்னும் கூடிற்று. ஆகவே, நுட்பம் கூடிய பதிவில் வித்தியாசம் அறவே கிடையாது என்று நாம் அடித்துப் பேசவில்லை. பாதிக்கு மேல் நூற்றுக்கு 2 பங்கு என்கிற ஒரு நூலிழை வித்தியாசத்தை "இரவும் பகலும்போல" என்று சொல்லிக் கடன் வாங்கவைப்பது நியாயமா என்றுதான் கேட்கிறோம்.

ஆட்சேபணைகள்

"உனக்குக் காது இல்லை" என்கிறவர்களுக்கு நமது பதில் இது: அந்தக் காது உங்களுக்கு இருக்கின்றதல்லவா? சந்தோஷம். சத்தத்தைச் சமப்படுத்தி, பெட்டியை மறைத்து வைக்கிறோம்; 16-க்கு 12 சொல்லிக் காட்டுங்கள்; முதல் மாலையை நாமே போடுகிறோம். மறைவுப் பரீட்சை நல்ல காதுள்ளவனுக்கு விரோதியல்ல, அவனுக்குத்தான் சாட்சி. அதைக் கண்டு ஓடுகிறவர் யார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"மீட்டருக்கு எட்டாத இனிமை ஒன்று இருக்கின்றது, காதைத்தான் நம்ப வேண்டும்" என்று இன்னொரு சாரார் சொல்லுகிறார்கள். நல்லது, மீட்டரைச் சத்தம் சமப்படுத்துவதோடு தூர வைத்துவிடுவோம். காதையே நம்புவோம். காதை மாத்திரம் நம்புவது என்றால், பெட்டியின் பெயரையும் விலையையும் காட்டும்படி கண்ணை எதற்குத் துணைக்கு அழைக்கிறீர்கள்?

"பரீட்சை என்றால் மனம் பதறும்" என்பார்கள். பதறாமல் உங்கள் வீட்டிலேயே, உங்கள் பாட்டையே போட்டு, நாளுக்கு இரண்டு தடவையாக எட்டு நாள் செய்யுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. பெட்டியைப் புகழும்போது பதறாத மனம், அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் மாத்திரம் பதறுவானேன்?

எல்லாம் ஒன்றுதானா?

இதனால் எல்லா டாக்கும் ஒன்றே என்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். விலையை நம்புவது எப்படி மூடத்தனமோ, அப்படியே "எல்லாம் ஒன்று" என்று பரீட்சிக்காமல் நம்புவதும் மூடத்தனமே. மெய்யான வித்தியாசங்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரோடு சேர்த்தவுடன் ஙொய் என்று இரையும் பெட்டிகள் உண்டு. நுட்பமான இயர்போனைச் செருகினால் உஸ் என்ற ஓசை கேட்பவை உண்டு. கனமான ஹெட்போனை ஓட்டப் பலம் போதாதவை உண்டு. உள்தடை அதிகமாயிருந்து சிலவகை இயர்போன்களின் குரலையே மாற்றிவிடுகின்றவை உண்டு. பழைய பாணி என்று பெருமை பேசி, எண்களை வடிகட்டாமல் அப்படியே வெளிவிடும் பெட்டிகளில் 20,000 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் குறைந்துபோகும். அது இனிமை என்று ஒருவருக்குப் பட்டால் பட்டும். அது அவர் ருசி. ஆனால் இவையெல்லாம் அளந்து காணக்கூடியவை, மறைத்து வைத்தாலும் பலவற்றைக் கேட்டுவிடக்கூடியவை. இவற்றில் எதுவும் விலையோடு கூடவே ஏறுவதுமில்லை.

அப்படியானால் கையிலுள்ள காசை எதில் போடுவது? ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பேதம் திரைக்குப் பின்னாலிருந்தே தெரியும். அறைக்கும் அறைக்கும் உள்ள பேதமும் அப்படியே. வெறும் சுவரும் சிமெண்டுத் தரையுமாயுள்ள அறையில் ஒலி அடித்துத் திரும்புவதைக் கனத்த திரையும் ஜமுக்காளமும் தணிக்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தி வைத்தால் அடிக்குரலே மாறும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். இரைச்சலில்லாத, பலம் போதுமான டாக் ஒன்று சில ஆயிரத்துக்குள்ளேயே கிடைக்கின்றது. போனில் கேட்கிறவருக்கு அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். மிச்சத்தைப் பிள்ளைகள் படிப்புக்குச் செலவிடுங்கள், அல்லது நல்ல பாட்டுகளை வாங்கிக் கேளுங்கள்.

பணம் உள்ளவர் அழகுக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கினால் அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. தங்க முலாம் பூசிய பெட்டி அவர் மேசையில் அழகாகவே இருக்கும். அழகை அழகென்று சொல்லி விற்கட்டும். அதை ஒலி என்று சொல்லி, கேட்காதவனைக் கீழ்மகனாக்கி விற்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம். கேட்டதைக் கேட்டேன் என்றும், கேளாததைக் கேட்கவில்லை என்றும் நாலுபேர் நடுவில் சொல்லக்கூடிய தைரியம் எவனுக்கு இருக்கின்றதோ அவன் காதுதான் நல்ல காது.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் இதில் எதையும் நம்பிவிட வேண்டாம். நம்பச் சொல்லுவதற்கு நமக்கும் உரிமை இல்லை. உங்களூரில் இரண்டு பெட்டிகளும், ஒரு சுவிட்சும், ஒரு மல்டிமீட்டரும், ஒரு துப்பட்டியும், ஒரு காலணாவும் இருந்தால் போதும். காலணா இல்லாவிட்டால் ஒரு ரூபாய்க் காசு. வாசகசாலை மேசையில் வைத்து நீங்களே பரீட்சித்துப் பாருங்கள். வந்த பலனை, அது நமக்கு விரோதமாயிருந்தாலும், உள்ளது உள்ளபடி எழுதி வெளியிடுங்கள். உங்கள் அறிவுக்கும் காதுக்கும் எது சரியென்று தீருகின்றதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறோம்.